காத்திருப்போருக்கான வைஃபையும் நோயாளியின் கோப்பும்

இராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம், தங்கச்சிமடம் போன்ற ஊர்களில் உள்ள ஒரு சிறு மருத்துவமனையில் முறைக்காகக் காத்திருப்பவருக்கு இன்று இணையம் தேவைப்படுகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட விவரத்தை எடுத்துக் காட்டவும், மத்திய அரசின் சுகாதாரக் கணக்குச் செயலியான ‘ஆபா’வில் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து டோக்கன் பெறவும், வீட்டாருக்குச் செய்தி அனுப்பவும் அது உதவுகிறது. ஆகவே வைஃபை கொடுப்பது நல்ல காரியமே. ஆனால் சுவரில் எழுதி ஒட்டிய அதே கடவுச்சொல்லில்தான் வரவேற்பு மேசைக் கணினியும், ஆய்வகக் கருவியும், அறிக்கை அச்சிடும் பிரிண்டரும் இயங்குகின்றன என்றால், அங்கு வந்து அமரும் எவரும் நோயாளிகளின் கோப்புகளுக்கு ஒரு சுவர் தூரத்தில் இருக்கிறார் என்று பொருள்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43ஏ பிரிவு, உணர்திறன் மிக்க தகவல்களைக் கணினியில் வைத்திருப்போர் நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறி, அதனால் ஒருவருக்கு இழப்பு ஏற்பட்டால் ஈடு தர வேண்டும் என்கிறது. 2011-இல் வந்த விதிகள் மருத்துவப் பதிவுகளையும், உடல்நலம், மனநலம் பற்றிய விவரங்களையும் இந்த வகையில் பெயர் சொல்லிச் சேர்த்துள்ளன. இந்தப் பிரிவு பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே உரியது என்று பலர் நினைக்கின்றனர். ஆனால் தொழில்முறைப் பணி செய்யும் தனிநபர் உடைமை நிறுவனங்களையும் அது உள்ளடக்குவதால், கீழக்கரையில் ஒற்றை மருத்துவர் நடத்தும் கிளினிக்கும் இதற்குள் அடங்கும்.

ஏர்வாடியைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். தர்காவை நாடி மனநலம் குன்றியோரும் அவர்களுடைய குடும்பத்தாரும் வெளியூர்களிலிருந்து வந்து தங்கும் இடம் அது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 24-ஆம் பிரிவு, மனநோயாளியின் இரகசியம் காக்கப்படும் உரிமை மின்னணு வடிவில் சேமித்த தகவல்களுக்கும் பொருந்தும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஒரு பெண்ணின் சிகிச்சை விவரம் அவள் ஊருக்குத் தெரிய நேர்ந்தால் அவளுடைய திருமணமும் வேலையும் என்னவாகும் என்பதை எண்ணிப் பார்ப்பவருக்கு இந்தப் பிரிவின் கனம் புரியும்.

இவற்றுக்கு மேலாக, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 வந்துள்ளது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முதன்மைக் கடமைகள் 18 மாதங்கள் கழித்து, 2027 மே மாதத்தில் நடப்புக்கு வரும். அதன்பின் பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் அபராதம் ரூ.250 கோடி வரை போகலாம். இது உச்சவரம்பே, தவறின் தன்மையையும் விளைவையும் பார்த்தே தரவுப் பாதுகாப்பு வாரியம் தொகையை முடிவு செய்யும்.

எந்தச் சட்டமும் ரூட்டரை எப்படி அமைப்பது என்று சொல்லித் தரவில்லை. நடைமுறையில் முதலில் செய்ய வேண்டியது, வந்து போவோருக்கெனத் தனி வைஃபை இணைப்பை (கெஸ்ட் நெட்வொர்க்) உருவாக்கி, அதிலிருந்து மருத்துவமனைக் கணினிகள் இயங்கும் உள் இணைப்புக்குப் போகும் வழியை முற்றிலும் அடைப்பது. ரூட்டரில் அந்த வசதி இல்லையென்றால் காத்திருப்போருக்காக இன்னொரு பிராட்பேண்ட் இணைப்பு வாங்குவது நல்லது. மாதச் செலவு கூடினாலும் அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பது என் கருத்து. ரூட்டருடன் வந்த ‘அட்மின்’ கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்ற வேண்டும். வைஃபைக்கு டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்ற கடவுச்சொல் பூட்டு முறை இருக்க வேண்டும். கடவுச்சொல் தட்டாமலே கருவிகளை இணைக்க உதவும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிட வேண்டும். ரூட்டர் நோயாளிகளின் கை எட்டாத இடத்தில் இருப்பதும் அவசியம். எல்லாம் முடிந்தபின், உங்கள் போனை கெஸ்ட் வைஃபையில் இணைத்து, உள்ளே இருக்கும் பிரிண்டரோ ரூட்டரின் அமைப்புப் பக்கமோ திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால், இணைப்பு மாட்டியவர் என்ன உறுதி சொல்லியிருந்தாலும், வேலை முடியவில்லை.

பூட்டே இல்லாத வைஃபை மருத்துவரையும் சிக்கலில் தள்ளும். 2008-இல் அகமதாபாத் குண்டுவெடிப்புக்கு முன் அனுப்பப்பட்ட மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவருடைய பூட்டப்படாத வைஃபை வழியாகச் சென்றிருந்ததால், விசாரணை முதலில் அவர் வீட்டு வாசலுக்கே வந்தது. கைப்பேசி எண்ணுக்கு ஓடிபி அனுப்பி உள்ளே விடும் முறை இருந்தால் யார் எப்போது இணைந்தார் என்பதற்குப் பதிவு இருக்கும். இராமேசுவரம் போல யாத்திரிகர்கள் நாள்தோறும் வந்து போகும் ஊரில் அது மிகவும் வேண்டியது.

கணினிக்குள் யாரோ நுழைந்துவிட்டதாகத் தெரிந்தால், மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவுப்படி 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். கணினிகளின் இயக்கப் பதிவுகளை (லாக்) 180 நாள் வைத்திருக்க வேண்டும். புதிய சட்டத்தின் கடமைகள் நடப்புக்கு வந்தபின், பாதிக்கப்பட்ட நோயாளிகளுக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். வாரியத்துக்கு விரிவான அறிக்கை 72 மணி நேரத்துக்குள் போக வேண்டும்.

நோயாளியின் பக்கம்: தன் விவரம் கசிந்து இழப்பு ஏற்பட்டால், தற்போதுள்ள தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி ரூ.5 கோடி வரையிலான ஈட்டுக் கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரிடம் அளிக்கலாம். அவரே தீர்ப்பளிக்கும் அதிகாரி. கசிந்த விவரத்தை வைத்து யாரேனும் பணம் பறித்தால், முதலில் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.