தாடையில் முடி, கழுத்தில் கருமை: கிரீம் வாங்கும் முன்

மே மாத வெயிலிலும் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக்கொண்டு வந்தாள் ஒரு கல்லூரி மாணவி. “முகத்தில் பரு, டாக்டர்” என்றார் அம்மா. துப்பட்டாவை விலக்கி விளக்கை அருகில் இழுத்தபோதுதான் அவள் மறைத்து வந்தது தெரிந்தது. தாடைக்கு அடியில் பிளேடு பட்ட கீறல்களுக்கு நடுவே கருகருவென்று குத்திட்டு நின்ற முடிகள். பின்கழுத்தில் வெல்வெட் துணிபோலத் தடித்த கருமை. அதை அழுக்கு என்று எண்ணிப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்ததில் தோல் புண்ணாகியிருந்தது.

“கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தாய்?” என்று கேட்டேன். பருவுக்கு வந்த இடத்தில் இது எதற்கு என்பதுபோல அம்மா என்னைப் பார்த்தார். மாதவிலக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

தாடையில் முடி, அடங்காத பரு, வகிட்டில் முடி மெலிவு, கழுத்தில் கருமை என நான்கையும் நான்கு குறைகளாக நினைத்து, அழகு நிலையத்திலும் மருந்துக் கடையிலும் வருடக்கணக்கில் அலைகிறார்கள். பெரும்பாலும் வேர் ஒன்றுதான்.

டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண்மை ஹார்மோன் ஆண்களுக்கு மட்டும் உரியதல்ல. பெண்ணின் சினைப்பையும் அட்ரீனல் சுரப்பியும் அதைச் சிறிதளவு சுரக்கின்றன. தோலில் இருக்கும் ஒரு நொதி அதை டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்னும் இன்னும் வீரியமான பொருளாக மாற்றுகிறது. அதன் தூண்டுதலில் தாடையின் பூனைமுடி கரிய முடியாகிறது, எண்ணெய்ச் சுரப்பி பெருத்துப் பரு வருகிறது. அதற்கான உடல்வாகு உள்ளவர்களின் தலையிலோ ஒவ்வொரு சுற்றிலும் முடி மெலிந்துகொண்டே போகிறது.

அந்த வாகு குடும்பத்தில் வருவது. விரை செயல்படாமல் போன ஆண்களை ஆராய்ந்த அமெரிக்க உடற்கூறியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942இல் இதைக் காட்டினார். பருவமடையும் முன்பே அந்த நிலைக்கு வந்தவர்களுக்கு வழுக்கை விழவில்லை. டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை இருந்தவர்களுக்கு மட்டும் விழுந்தது. ரத்தத்தில் ஹார்மோன் சரியான அளவில் இருந்தும் சில பெண்களுக்கு முடி முளைப்பதும் இதனால்தான். அளவு கூடவில்லை, முடியின் வேர் அந்த அளவுக்கே கூடுதலாக இசைகிறது.

கழுத்துக் கருமை பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். உடல் ஈடுகட்ட இன்னும் இன்சுலினைச் சுரக்கிறது. அது சினைப்பையைத் தூண்டி ஆண்மை ஹார்மோனைக் கூட்டுகிறது. அந்த ஹார்மோனைக் கட்டிவைக்கும் புரதத்தைக் கல்லீரல் சுரப்பதும் குறைகிறது. நார் போட்டுத் தேய்த்தால் இது எப்படிப் போகும்? மகளின் சினைப்பை ஸ்கேனில் ‘நீர்க்கட்டி’ என்று எழுதியிருந்ததும் அந்த அம்மா நடுங்கிவிட்டார். அவை வளர்ச்சி பாதியில் நின்ற சிறு முட்டைப்பைகள். புற்றுநோய்க் கட்டிகள் அல்ல. அறுவை செய்து எடுக்க வேண்டியவையும் அல்ல.

எனக்குக் கோபம் வருவது அவர் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டிய கிரீம்மீதுதான். பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். அதில் இருந்தது வீரியமான ஸ்டீராய்டு. முதல் வாரத்தில் முகம் பளபளக்கும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து சிவக்கும், பரு கிளம்பும், முகத்தில் முடியும் வளரும். எந்த முடிக்குப் பயந்து பூசினாளோ அதையே அது வளர்க்கும்! மருந்துச் சீட்டு இல்லாமல் இதை வாங்காதீர்கள், பிறருக்கும் சொல்லாதீர்கள்.

பிளேடு போட்டதற்காக அந்தப் பெண் திட்டு வாங்கியிருந்தாள். மழித்தால் முடி அடர்ந்து வளராது என்பதை ஆய்வாளர் மில்ட்ரெட் டிராட்டர் 1928லேயே அளந்து காட்டிவிட்டார். வெட்டிய நுனி மழுங்கலாக இருப்பதால் சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். சுத்தமான பிளேடால், ஈரப்படுத்திய தோலில் மழித்துக்கொள்ளலாம்.

ஆண்மை ஹார்மோனை அடக்கும் மருந்து ஒரே மாதத்தில் முடியை நிறுத்தாது. வளர்ந்துகொண்டிருக்கும் முடி தன் சுற்றை முடிக்க வேண்டும். பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும். இரண்டாம் மாதத்தில் கைவிடுபவர்கள்தான் அதிகம். உடல் எடை கூடியவர்கள் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்குக்கு வருகிறது. அதற்குக் கொடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகளைக் கருத்தரிக்கும் வாய்ப்பு உள்ளபோது எடுக்கக் கூடாது. ஆகவே திருமணத் திட்டத்தைக் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். சில மாதங்களுக்குள் முடி வேகமாகப் பரவி, குரலும் தடித்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். சினைப்பையிலோ அட்ரீனலிலோ கட்டி இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

எல்லாம் பேசி எழுந்திருக்கும்போது அம்மா தயங்கினார். “எனக்கும் இந்த இரண்டு மூன்று முடி, டாக்டர்.” அவருக்கு மாதவிலக்கு நின்று மூன்று வருடம். அந்த வயதில் பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் சரிந்துவிடும். ஆண்மை ஹார்மோன் அந்த அளவுக்குக் குறையாது. தாடையில் தடித்த முடி எட்டிப் பார்ப்பதும் வகிடு அகலமாவதும் அதனால்தான். மகள் எழுந்திருக்கும் முன் குளியலறைக் கண்ணாடியில் பார்த்துப் பிடுங்கிவிடுவாராம். அதே கண்ணாடியின் முன்தான் மகளும் கதவைத் தாழிட்டுக்கொண்டு பிளேடு பிடித்திருக்கிறாள். அவள் துப்பட்டாவைத் திரும்பச் சுற்றாமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சர்க்கரைப் பரிசோதனைக்கு இருவர் பெயரிலும் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.