சீனத்தில் பெண் என்ற எழுத்து ஏன் வளையம் வைத்த ஏ ஆகிறது?

தொண்டியிலிருந்து மண்டபம் வரை கரையோரம் போனால் கப்பா பாசி கட்டிய மூங்கில் மிதவைகளை இப்போது பல ஊர்களில் பார்க்கலாம். கஞ்சிப் பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் கடலில் மூழ்கி எடுப்பவை. கப்பா பாசி வளர்ப்பது. வளர்ப்பில் யார் பெரிய ஆள் என்று கேட்டால் பதில் சீனாதான். உலகத்தில் வளர்க்கப்படும் கடற்பாசியில் பாதிக்கு மேல் அங்கே விளைகிறது. ஷான்டோங் மாகாணத்து ரோங்செங்கிலும் ஃபுஜியான் மாகாணத்து ஷியாபுவிலும் கடலே வயல்.

ராமநாதபுரத்தில் பொருளாதாரம் படிக்கும் ஒரு மாணவி, பாம்பன் பக்கத்துப் பாசிக் குடும்பங்களின் வரவு செலவை ஷியாபு குடும்பங்களோடு ஒப்பிட நினைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சீனத்தில் எடுத்த கேள்வித்தாள் தரவு கையில் வந்துவிட்டது. ஸ்டாட்டா என்ற புள்ளியியல் மென்பொருளின் பழைய பதிப்பில் திறக்கிறாள். எண்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. ஆனால் பாலினம் என்று நினைக்கத் தோன்றும் கட்டத்தில் 1-க்கு எதிரே தலையில் இரண்டு புள்ளி வைத்த ஆங்கில ஏ, அடுத்து குறுக்கே கோடு போட்ட டி. 2-க்கு எதிரே வளையம் வைத்த ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், சோப்பு டப்பாவில் பதிவுபெற்ற வணிகப் பெயருக்கு மேல் போடுவார்களே, அதே குறி. கோப்பு கெட்டுப்போய்விட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். கெடவில்லை.

கோப்புக்குள் எழுத்து என்று ஒன்று கிடையாது. இருப்பது பைட்டுகள், அதாவது 0 முதல் 255 வரையுள்ள எண்கள். எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் பட்டியலுக்குத்தான் குறியாக்கம் என்று பெயர். சீனத்தில் 'பெண்' என்ற எழுத்து சீனாவில் வழங்கும் ஜிபிகே பட்டியலில் 197, 174 என்ற இரண்டு பைட்டு. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான விண்டோஸ் பட்டியலிலோ ஒரு எழுத்துக்கு ஒரே பைட்டு. அதில் 197 என்பது வளையம் வைத்த ஏ, 174 என்பது வட்டத்துக்குள் ஆர். ஆக, மாணவி பார்த்தது சரியான எண்களைத் தப்பான பட்டியலை வைத்துப் படித்ததன் விளைவு. அதே எழுத்து, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு பட்டியலைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் 229, 165, 179 என மூன்று பைட்டு. தைவானின் பிக்-5 முறையில் 164, 107. ஒரே பெண்ணுக்கு மூன்று முகவரி.

தமிழுக்கு இது புதிதல்ல. இங்கே டிடிபி கடைகளில் பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பாருங்கள். 'தமிழ்' என்று அடித்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று நிற்கும். கல்யாணப் பத்திரிகையை மறுபதிப்பு போடப் போனவர்கள் இந்தக் கூத்தைப் பார்த்திருப்பார்கள். அப்புறம் டிஸ்கி என்ற தமிழ்க் குறியாக்கம் வந்தது, தாம், தாப் என்று இன்னும் இரண்டு வந்தன, கடைசியில் யூனிகோடு வந்து ஓரளவு அமைதி பிறந்தது.

சீனாவின் கதை இன்னும் நீளம். தமிழின் 247 எழுத்துகளையும் உறுப்புகளாகப் பிரித்து ஒரு பைட்டுக்குள் எப்படியோ அடக்கிவிடலாம். ஆயிரக்கணக்கான எழுத்துள்ள மொழிக்கு அது நடக்காது. 1980-இல் வந்த ஜிபி 2312 தரத்தில் 6,763 சீன எழுத்துகள் இருந்தன, எழுத்துக்கு இரண்டு பைட்டு. ஆட்களின் பெயரிலும் ஊர்ப் பெயரிலும் வரும் அரிய எழுத்துகளுக்கு அது போதவில்லை. ஜிபிகே அதை 21 ஆயிரம் எழுத்துகள் வரை நீட்டியது. 2000-இல் ஜிபி 18030 வந்தது. தேவைப்பட்டால் எழுத்துக்கு நான்கு பைட்டு, யூனிகோடு முழுவதும் அதற்குள் அடக்கம். பழைய மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டப்பட்டவை என்பது நமக்கு நல்ல செய்தி. சீனப் பெருநிலத்துப் பழைய கோப்பு எதுவானாலும் 'ஜிபி 18030' என்று சொல்லித் திறந்தால் போதும், ஜிபி 2312-ஆ ஜிபிகேயா என்று மண்டையை உடைக்க வேண்டாம். தைவானின் பிக்-5 மட்டும் தனிக் குடும்பம்.

சரி, கோப்பே தன் குறியாக்கம் இன்னது என்று சொல்லக் கூடாதா? பழைய ஸ்டாட்டா கோப்பில் அதை எழுதி வைக்க இடமே இல்லை. காற்புள்ளியால் பிரித்த சாதா எழுத்துக் கோப்பான சிஎஸ்வியிலும் இல்லை. மீன் கூடை கரைக்கு வந்துவிட்டது, எந்தப் படகு என்ற சீட்டு மட்டும் இல்லை. படிக்கும் மென்பொருள், தான் ஓடும் கணினியின் வழக்கமான பட்டியலைப் போட்டுப் பார்க்கிறது. பெய்ஜிங்கில் உள்ள விண்டோஸில் அது ஜிபிகே, ஆகவே அங்கே யாருக்கும் தொல்லை தெரியாது. நம்மூர்க் கணினியில் பெரும்பாலும் மேற்கு ஐரோப்பியப் பட்டியல்.

அப்படியானால் ஊகிக்கத்தான் வேண்டும். ஊகிப்பதற்கும் ஒரு வரிசை இருக்கிறது, அதற்குக் காரணம் யூடிஎஃப்-8-இன் அமைப்பு. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-இல் வகுத்த இந்த முறையில், மூன்று பைட்டு எழுத்தின் முதல் பைட்டு 224 முதல் 239-க்குள் இருந்தாக வேண்டும். பின்வரும் இரண்டும் 128 முதல் 191-க்குள். ஜிபிகே கோப்பு ஒன்று தற்செயலாக இந்த விதியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கடைப்பிடிப்பது நடக்காத காரியம். எனவே முதலில் யூடிஎஃப்-8 என்று கறாராகச் சொல்லித் திறக்க வேண்டும். பிழை இல்லாமல் திறந்தால் அநேகமாக அதுதான். பிழை வந்தால் ஜிபி 18030. அதிலும் பொருள் வராவிட்டால் பிக்-5.

வரிசையை மாற்றினால் ஒரு பொல்லாத பொறி காத்திருக்கிறது. ஜிபிகேயின் விதி மிகத் தளர்வானது. முதல் பைட்டு 129 முதல் 254 வரை, இரண்டாவது 64 முதல் 254 வரை, இடையில் 127 மட்டும் ஆகாது. எதைக் கொடுத்தாலும் விழுங்கிவிடும். 'ஆண் பெண்' என்ற இரண்டு எழுத்து யூடிஎஃப்-8-இல் ஆறு பைட்டு. அதை ஜிபிகே என்று படித்தால் இரண்டிரண்டாகச் சேர்ந்து மூன்று எழுத்து வரும். முதல் இரண்டும் சீன எழுத்து, மூன்றாவது ஜப்பானியக் கத்தகானா. சீனம் படித்தவர் ஒரே பார்வையில் சிரித்துவிடுவார். நம் மாணவிக்குச் சீன எழுத்தைப் பார்த்ததே பெரிய நிம்மதியாக இருக்கும், அதனால் மேலே போய்விடுவாள். மொழி தெரியாதவர்கள் நாலைந்து எழுத்தையாவது வடிவம் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். பாலினக் கட்டம் எந்தக் கேள்வித்தாளிலும் இருக்கும். ஆணுக்கான எழுத்தின் மேல்பாதி நான்கு கட்டம் போட்ட சதுரம். அது அங்கே தெரிந்தால் கதவு திறந்துவிட்டது.

இதில் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும்: எழுத்துகள் கோணலாகத் தெரியும்போது கோப்பைச் சேமிக்கவே கூடாது. பார்ப்பதால் பைட்டு மாறாது, சேமித்தால் மாறலாம். ஜிபிகே பைட்டுகளை யூடிஎஃப்-8 என்று நினைத்துப் படிக்கும் மென்பொருள், விதிக்குப் பொருந்தாத ஒவ்வொன்றுக்கும் பதிலாக 'இங்கே ஏதோ இருந்தது' என்ற பொதுக் குறியைப் போடும். கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி போலத் தெரியுமே, அதுதான். அதன் பைட்டுகள் 239, 191, 189. சேமித்ததும் மூலப் பைட்டுகள் போயே போச்சு. பிறகு யாராவது அந்தக் கோப்பை ஜிபிகே என்று திறந்தால், பக்கத்துப் பக்கத்துக் குறிகள் இரண்டும் சேர்ந்து ஆறு பைட்டாகி 'குன் ஜின் காவ்' என்ற மூன்று சீன எழுத்துகளாகத் தெரியும். சீன நிரலாளர்களிடையே இது பிரசித்தம். நடுவில் நிற்கும் ஜின் அரைக் கிலோவைக் குறிக்கும் எடை அளவு என்பதால், பாசித் தரவில் அதைப் பார்த்து யாராவது எடைக் கணக்கு என்று மயங்கினாலும் ஆச்சரியமில்லை. 'குன் ஜின் காவ்' வரிசையாக வந்தால் அந்தக் கோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு மூலக் கோப்பைத் திரும்பக் கேட்பதே வழி. வளையம் வைத்த ஏ வந்தால் கவலையே வேண்டாம், பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

மென்பொருள் பக்கம் வேலை அவ்வளவு கஷ்டமில்லை. ஸ்டாட்டா 2015-இல் வந்த 14-ஆம் பதிப்பிலிருந்து யூனிகோடு பேசுகிறது. நினைவகத்தைக் காலி செய்து, கோப்பிருக்கும் அடைவுக்குப் போய், யூனிகோடு அனலைஸ் என்ற கட்டளையைக் கொடுத்தால் எதை மாற்ற வேண்டும் என்று அது சொல்லும். யூனிகோடு என்கோடிங் செட் கட்டளையில் ஜிபி 18030 என்று குறிப்பிட்டு, யூனிகோடு டிரான்ஸ்லேட் போட்டால் முடிந்தது. மூலத்தின் நகலையும் தானே எடுத்து வைக்கும், தப்பாகிவிட்டால் திரும்பலாம். ஆர் என்ற நிரல்மொழியின் ஹேவன் தொகுப்பில் ஸ்டாட்டா கோப்பைப் படிக்கும் கட்டளையிலும், பைத்தானின் பாண்டாஸில் சிஎஸ்வியைப் படிக்கும் கட்டளையிலும் என்கோடிங் என்று ஓர் இடம் இருக்கிறது, பெயரைப் போட்டால் போதும். எஸ்பிஎஸ்எஸ் என்ற இன்னொரு புள்ளியியல் மென்பொருளில் தரவு எதுவும் திறக்காத நிலையில்தான் குறியாக்க முறையை மாற்ற முடியும். எக்செலில் சிஎஸ்வியை இரட்டைச் சொடுக்கில் திறப்பதை விட்டுவிடுங்கள், அது எதையும் கேட்காது. தரவு இறக்குமதி வழியாகப் போனால் கேட்கும்.

நீளம் இன்னொரு தலைவலி. ஜிபிகேயில் இரண்டு பைட்டாக இருந்த எழுத்து யூடிஎஃப்-8-இல் மூன்றாகிறது. 20 பைட்டு ஒதுக்கிய கட்டத்தில் பத்து எழுத்து இருந்தால் இனி 30 தேவை. பழைய கோப்பை யூனிகோடு முறையில் திறக்கும் எஸ்பிஎஸ்எஸ் எல்லா எழுத்துக் கட்டங்களையும் மும்மடங்காக அகட்டிவிடுவது இதனால்தான். பழைய ஸ்டாட்டாவில் மாறியின் விளக்கத்துக்கு 80 பைட்டுதான், நாற்பது சீன எழுத்து. இடையில் ஓர் ஆங்கில எழுத்தோ எண்ணோ கலந்திருந்தால் வெட்டு சரியாக ஒரு எழுத்தின் நடுவில் விழும், கடைசியில் அரை எழுத்து தொங்கும். மாற்றும்போது பிழை எழுவது பல சமயம் அந்த அரை எழுத்தால்தான். அதற்காகக் குறியாக்க ஊகமே தவறு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஸ்டாட்டாவில் இன்வாலிட் என்ற விருப்பத்தைக் கொடுத்தால் அந்த இடத்தில் மட்டும் குறி போட்டுவிட்டு மேலே போகும்.

இத்தனை பாடும் எதற்கு, எண்தான் ஒழுங்காக இருக்கிறதே என்று கேட்கலாம். எண்ணுக்குப் பொருள் கொடுப்பதே அந்த எழுத்துதான். பீக்கிங் பல்கலைக்கழகம் 2010-இல் தொடங்கிய சீனக் குடும்பத் தொடர் ஆய்வில் -1 என்றால் தெரியாது, -2 என்றால் பதில் சொல்ல மறுத்தார், -8 என்றால் அந்தக் கேள்வி அவருக்குப் பொருந்தாது. விளக்கம் படிக்க முடியாமல் போனால் இவையும் வருமானமாகச் சராசரியில் கலந்துவிடும். அளவைகளும் அப்படித்தான். பரப்பு மு என்ற அளவில் இருக்கும், எடை ஜின்னில், வருமானம் சில சமயம் வான் என்ற பத்தாயிரத்தின் மடங்கில். ஜின்னைக் கிலோ என்று எடுத்துக்கொண்டால் ஷியாபுக்காரர் ஒரே நாளில் இரண்டு மடங்கு பாசி காயப்போட்டவர் ஆகிவிடுவார்.

குறியாக்கம் சரியான பிறகும் சில கட்டங்களில் எண் கண்ணுக்குத் தெரியும், கூட்டச் சொன்னால் கூட்டாது. சீன விசைப்பலகையில் முழு அகல எண்கள் என்று ஒரு வகை உண்டு. பார்க்கக் கொஞ்சம் அகலமான 1, 2, 3. ஆனால் யூனிகோடில் அவற்றுக்கு வேறு இடம், ஆகவே மென்பொருளுக்கு அவை வெறும் எழுத்து. இடைவெளியிலும் காற்புள்ளியிலும்கூட முழு அகலம் உண்டு. யூனிகோடின் என்எஃப்கேசி சீராக்கம் இவற்றைச் சாதாரண வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஸ்டாட்டாவில் யூஎஸ்டிஆர் நார்மலைஸ் என்ற செயற்கூறும், பைத்தானில் யூனிகோடுடேட்டா தொகுதியும் அதைச் செய்யும். அது முடிந்த பிறகு 15 மு ஒரு ஹெக்டேர், இரண்டு ஜின் ஒரு கிலோ என்று மாற்றிப் பாம்பன் கணக்குக்குப் பக்கத்தில் வைக்கலாம்.