சி-குரூப்: 'கட்டுப்பாட்டுக் குழு' என்று எழுதுவது சரியா?

லினக்ஸ் பற்றித் தமிழில் எழுத உட்காரும்போதெல்லாம் என்னை நிறுத்திவைக்கும் சொல் சி-குரூப். விரித்தால் கண்ட்ரோல் குரூப். அகராதியைப் பார்த்து இரண்டையும் தனித்தனியாக மாற்றினால் 'கட்டுப்பாட்டுக் குழு' வந்துவிடும். ஆனால் லினக்ஸுக்குப் புதிதாக வந்த நண்பர் ஒருவர் 'இந்த ப்ராசஸைக் கட்டுப்பாட்டுக் குழுவில் சேர்க்கவும்' என்ற வரியைப் படித்துவிட்டு, அப்படிச் சேர்த்தால் அதற்குக் கூடுதல் அதிகாரம் வந்துவிடும் என்று புரிந்துகொண்டார். உண்மையில் நடப்பது நேர் எதிர். அவர் மேல் தப்பே கிடையாது, தமிழில் அந்தச் சொல் அப்படித்தான் கேட்கிறது.

சரி, விஷயம் என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். ஒரே கணினியில் நூற்றுக்கணக்கான ப்ராசஸ்கள், அதாவது இயக்கத்தில் இருக்கும் நிரல்கள், ஓடுகின்றன. (ப்ராசஸுக்கு 'இயங்குநிரல்' என்பது எனக்குப் பிடித்த சொல், ஆனால் இங்கே ஒரு சண்டை போதும்.) அவற்றில் ஒன்று நினைவகத்தையோ சிபியு நேரத்தையோ மொத்தமாக வாரிக்கொண்டால் மற்றவை திணறும். லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸில் இதற்கு ஆதியிலிருந்து இருந்த மருந்து 'நைஸ்' எண், சிபியுவில் யாருக்கு எவ்வளவு முன்னுரிமை என்று சொல்வது, அது ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனித்தனி. ஒரு ப்ராசஸ் நாற்பது பிள்ளைகளைப் பெற்றுப்போட்டால் நாற்பதும் தனித்தனியாகப் பங்கு கேட்கும், நைஸ் எண்ணால் அந்தக் குடும்பத்துக்கு மொத்தமாக ஒரு வரம்பு வைக்க முடியாது. குடும்பத்தையே ஒரு கணக்கில் எழுதி, அந்தக் கணக்குக்கு இவ்வளவுதான் என்று சொல்லும் ஏற்பாடுதான் சி-குரூப்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. சி-குரூப் என்பது லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் நமக்குக் காட்டும் ஒரு அடைவுதான் (டைரக்டரி). முழு உரிமையுள்ள பயனரான ரூட்டாக உள்ளே போய் 'காப்பு' என்று ஒரு அடைவை உருவாக்கினால் குழு தயார், அதற்குள் கோப்புகள் தாமாகவே முளைத்திருக்கும். மேலடைவில் சிபியு கண்ட்ரோலர், அதாவது சிபியு நேரத்தைப் பங்கிடும் பகுதி, இயக்கப்பட்டிருந்தால் 'சிபியு.மேக்ஸ்' என்ற கோப்பும் அங்கே இருக்கும். அதில் '50000 100000' என்று எழுதினால், ஒவ்வொரு 100000 மைக்ரோ வினாடியிலும், அதாவது ஒரு நொடியின் பத்தில் ஒரு பாகத்தில், இந்தக் குழு மொத்தமும் சேர்ந்து 50000 மைக்ரோ வினாடிதான் ஓடலாம் என்று பொருள், அரை சிபியு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் 'சிகுரூப்.ப்ராக்ஸ்' கோப்பில் ஒரு ப்ராசஸின் எண்ணை, உதாரணமாக 4127 என்று, எழுதிவிட வேண்டியதுதான். எழுதிய கணத்தில் 4127 குழுவுக்குள் வந்துவிடும், அதன் பிறகு அது பெறும் பிள்ளைகளும் அதே குழுவிலேயே பிறக்கும். இதில் ப்ராசஸின் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை.

பெயரின் கதைக்கு வருகிறேன். 2006-ல் கூகுளில் பால் மெனேஜ், ரோஹித் சேத் ஆகியோர் இதைத் தொடங்கியபோது பெயர் 'ப்ராசஸ் கண்டெய்னர்'. லினக்ஸ் உலகில் கண்டெய்னர் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே பல பொருள் இருந்ததால் குழப்பம் வேண்டாமென்று 2007-ல் கண்ட்ரோல் குரூப் ஆக்கினார்கள். அந்தப் பெயரில்தான் 2008 ஜனவரியில் வெளிவந்த 2.6.24 கர்னலில் சேர்ந்தது. டேஜுன் ஹியோ முன்னின்று திருத்தி எழுதிய இரண்டாம் பதிப்பு 2016-ல் 4.5 கர்னலோடு முறைப்படி வந்தது. ஆக, ஆங்கிலத்திலேயே இது ஒரு குழப்பத்திலிருந்து தப்பிக்க வைத்த பெயர், அதன் இரண்டு பாதிகளையும் நாம் அப்படியே சுமந்துவர வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆனாலும் 'கண்ட்ரோல்' என்ற சொல்லின் வேர் அழகானது. இடைக்கால லத்தீனில் 'கோன்ட்ராரோட்டுலுஸ்' என்றால் எதிர்ச்சுருள், அதாவது ஒரு கணக்குச் சுருளைச் சரிபார்க்க வைத்திருக்கும் இன்னொரு படி. அங்கிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்த்தான் 'அடக்கு, ஆள்' என்ற பொருள் வலுத்தது. சி-குரூப்புக்கு இந்தப் பழைய பொருள்தான் அதிகம் பொருந்துகிறது. எவ்வளவு நினைவகம், எவ்வளவு சிபியு நேரம் செலவானது என்று குழுவாரியாகக் கணக்கு எழுதுவது அதன் பாதி வேலை, வரம்பே வைக்காமல் கணக்கு பார்க்க மட்டும் அதைப் பயன்படுத்துகிறவர்கள் நிறைய உண்டு. 'கட்டுப்பாடு' என்றதும் இந்தக் கணக்குப் பக்கம் மறைந்துபோகிறது.

தமிழில் 'குழு' பழைய சொல், குழுமு, குழுமம், குழாம் எல்லாம் அதன் உறவு. சிலப்பதிகாரத்தில் வரும் ஐம்பெருங்குழு அரசனுக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர்களின் அவை. இன்றைக்கும் தேர்வுக் குழு என்றால் தேர்வு செய்கிற குழு, விசாரணைக் குழு என்றால் விசாரிக்கிற குழு. அந்த வரிசையில் கட்டுப்பாட்டுக் குழு என்றால் பிறரைக் கட்டுப்படுத்துகிற குழு என்றுதான் காது எடுத்துக்கொள்ளும். என் நண்பர் தடுக்கியது இங்கேதான்.

போதாக்குறைக்கு யுனிக்ஸில் வேறு குழுக்களும் இருக்கின்றன. பயனர்களைச் சேர்த்துக் கோப்பு உரிமை கொடுக்கும் குழு ஒன்று. கட்டளைகளைத் தட்டச்சும் ஷெல்லில் ஒரே கட்டளை வரியில் பிறந்தவற்றை ஒன்றாக நிறுத்தவும் தொடரவும் உதவும் ப்ராசஸ் குரூப் இன்னொன்று. மூன்றையும் வெறும் 'குழு' என்று எழுதிவிட்டால் படிப்பவர் கதி அதோகதிதான், முன்னொட்டு கட்டாயம் வேண்டும்.

எந்த முன்னொட்டு? மற்ற யுனிக்ஸ்கள் என்ன பெயர் வைத்தன என்று பார்த்தால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும். சோலாரிஸில் இது 'ப்ராஜெக்ட்', ஏஐஎக்ஸில் 'கிளாஸ்', ஹெச்பி-யுஎக்ஸில் 'பிஆர்எம் குரூப்'. அதில் பிஆர்எம் என்பது ப்ராசஸ் ரிசோர்ஸ் மேனேஜர், அதாவது ரிசோர்ஸ், வளம் என்ற சொல் பெயருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. என் தேர்வும் அதுதான்: வளக்குழு. எதற்கான குழு என்று உடனே தெரிகிறது, வரம்பு, பங்கு, கணக்கு மூன்றுக்கும் இடம் கொடுக்கிறது, அதிகாரம் என்ற வாடையே இல்லை. 'கட்டு' என்ற சொல்லையும் நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். விறகுக்கட்டு என்னும்போது தொகுதி, கட்டுக்குள் வை என்னும்போது வரம்பு, இரண்டும் ஒரே சொல்லில் கிடைப்பது தமிழின் கொடை. ஆனால் கட்டு என்பது பணம் கட்டு, வீடு கட்டு என்று ஏவலாகவும் வந்துவிடுவதால் கட்டளை விளக்கத்தில் குழப்பும். மனசில்லாமல்தான் விட்டேன்.

வினைச்சொல்லிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பிறக்கும்போதே குழுவுக்குள் தொடங்குவது வேறு, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை இழுத்துப்போடுவது வேறு. லினக்ஸில் சிஜிஎக்ஸெக் என்ற கட்டளை முதலாவதைச் செய்யும், சிஜிகிளாசிஃபை இரண்டாவதை. ஹெச்பி-யுஎக்ஸிலும் பிஆர்எம்ரன், பிஆர்எம்மூவ் என்று இதே இரட்டை. இந்த வேறுபாடு முக்கியம், ஏனென்றால் பாதியில் குழு மாறும் ப்ராசஸ் அதுவரை எடுத்த நினைவகம் பழைய குழுவின் கணக்கிலேயே நிற்கும், புதிய குழுவுக்கு வராது. அதனால் முதலாவதற்கு 'வளக்குழுவில் தொடங்கு', இரண்டாவதற்கு 'வளக்குழுவுக்கு மாற்று' என்று எழுதுங்கள். இரண்டுக்கும் பொதுவாக 'சேர்' போட்டால் எந்தக் கணக்கில் நினைவகம் விழும் என்பது படிப்பவருக்குத் தெரியாமலே போகும்.

எழுதும்போது வளக்குழு என்று ஒரே சொல்லாக, இடைவெளி விடாமல். முதல்முறை வரும் இடத்தில் 'சி-குரூப் எனப்படும் வளக்குழு' என்று ஒருமுறை சொல்லிவிட்டால் தேடி வருகிறவர்களும் பிடித்துக்கொள்வார்கள். கட்டுப்பாட்டுக் குழு என்ற சொல்லை மருந்துச் சோதனைகளில் புதிய மருந்து கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் குழுவுக்கு விட்டுவிடலாம், அங்கே அது ஏற்கெனவே புழங்குகிறது.