காயம் ஆற 9 நாள் அதிகம்: மன அழுத்தம் தோலுக்குக் கீழே என்ன செய்கிறது

1995ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்து ஒரு ஆய்வு வெளிவந்தது. 26 பெண்களின் கையில், மரத்துப்போக ஊசி போட்டு, மூன்றரை மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோலில் ஒரு சின்னத் துண்டை எடுத்துவிட்டு அந்தக் காயம் எத்தனை நாளில் ஆறுகிறது என்று பார்த்தார்கள். அவ்வளவுதான் சோதனை. அவர்களில் 13 பேர் மறதி நோய் வந்த உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். மீதி 13 பேர் அதே வயது, ஏறக்குறைய அதே வருமானம், ஆனால் வீட்டில் அப்படி ஒரு நோயாளி இல்லாதவர்கள். அவ்வப்போது படம் எடுத்து, காயத்தின் மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு நுரைக்கிறதா என்று சோதித்து, நுரை நின்றால் ஆறிவிட்டது என்று கணக்கு வைத்தார்கள். நோயாளி இல்லாத வீட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 39 நாள் ஆனது. நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு 48 நாளைத் தாண்டியது.

இந்த ஆய்வை நடத்திய ஜானிஸ் கீகோல்ட்-கிளேசரும் அவருடைய குழுவினரும் காயத்தைத் தேர்ந்தெடுத்தது ரொம்பப் புத்திசாலித்தனமான வேலை என்று நினைக்கிறேன். மன அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால் ஒருவர் கூட்டிச் சொல்வார், இன்னொருவர் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று மறைப்பார். காயத்துக்கு அதெல்லாம் தெரியாது. வீட்டில் ஒருவரை வருடக்கணக்கில் பார்த்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவது ரகம், வாயைத் திறந்து சொல்லவே மாட்டார்கள். எங்கள் வீட்டில் பாட்டி படுத்த படுக்கையாக இருந்தபோது வந்தவர்கள் எல்லோரும் பாட்டி சாப்பிட்டாங்களா, பாட்டி தூங்கினாங்களா என்றுதான் கேட்டார்கள். அம்மா தூங்கினாங்களா என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

சரி, மனதில் இருக்கும் பாரம் கைத்தோலுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது?

இரண்டு வழியாகப் போகிறது. ஒன்று நரம்பு வழி, நொடிகளில் வேலை செய்வது. பயமோ அதிர்ச்சியோ வந்ததும் மூளையில் இருந்து நரம்புகள் மூலம் செய்தி பறக்கிறது, சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினை ரத்தத்தில் விடுகிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, தோலுக்கும் குடலுக்கும் போகும் ரத்தம் குறைந்து தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. சண்டை போடவோ ஓடவோ உடம்பு தயாராகும் இந்த நிலையை 1915லேயே வால்டர் கேனன் விவரித்துவிட்டார். இன்னொன்று ஹார்மோன் வழி, சில நிமிடங்கள் எடுத்துக்கொள்வது. மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதாலமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி அட்ரினலுக்குச் சொல்ல, அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதி கார்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. கார்டிசோல் கல்லீரலைச் சர்க்கரை தயாரிக்க வைக்கிறது, நீண்டகால வேலைகளை ஒத்திப்போட வைக்கிறது. அப்புறம் முக்கியமான ஒன்று: ரத்தத்தில் கார்டிசோல் போதுமான அளவு வந்ததும் அதுவே மூளைக்குத் திரும்பப் போய் "போதும், நிறுத்து" என்று சொல்கிறது. ஆபத்து வந்தது, போனது, அமைப்பு அடங்கியது. இந்த அளவில் மன அழுத்தம் நமக்கு நல்லதைத்தான் செய்கிறது.

ஆனால் ஆபத்து போகவே இல்லை என்றால்? ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா எழுந்து கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிவிடுவாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பவருக்கு, இன்றைக்கு மட்டுமல்ல, நாளைக்கும் அடுத்த வருடமும் அதே ராத்திரிதான். அவருடைய உடம்பில் இந்த இரண்டு வழிகளும் முழுதாக அடங்குவதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

கார்டிசோலைப் பற்றி நமக்கு ஏற்கெனவே கொஞ்சம் தெரியும், வேறு பெயரில். ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் டாக்டர் எழுதிக்கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகள் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான். அந்த மாத்திரையை ரொம்ப நாள் சாப்பிட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், சர்க்கரை ஏறியது, தோல் மெலிந்தது, அடிபட்டால் சீக்கிரம் ஆறவில்லை என்பார்கள். அறுவை சிகிச்சைக்கு முன் "ஸ்டீராய்டு ஏதாவது எடுக்கிறீர்களா" என்று டாக்டர்கள் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். வெளியில் இருந்து போகும் ஸ்டீராய்டு வீக்கத்தை அடக்குவது மாதிரியே உடம்புக்குள் சுரக்கும் கார்டிசோலும் வீக்கத்தை அடக்குகிறது.

இங்கேதான் காயத்தின் கதை வருகிறது, ஏனென்றால் காயம் ஆறுவதற்கு முதல் சில நாட்களில் வீக்கம் வேண்டும். காயத்தைச் சுற்றிச் சிவந்து, சூடாகி, லேசாக வீங்குவதைப் பார்த்தால் நமக்கு ஏதோ தப்பாகிவிட்டது போலத் தோன்றும், உண்மையில் அது பழுதுபார்க்கும் வேலையின் முதல் கட்டம். ரத்தம் உறைந்ததும் காயத்தில் இருக்கும் செல்கள் இன்டர்லூக்கின் போன்ற புரதங்களை வெளியிடுகின்றன. அந்த அழைப்பைக் கேட்டு வெள்ளை அணுக்கள் வந்து கிருமிகளைத் தின்று, இறந்துபோன திசுவைச் சுத்தம் செய்து, அடுத்ததாகத் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தை நெய்யும் செல்களைக் கூப்பிடுகின்றன. வீடு கட்டுமுன் மனையைச் சுத்தம் செய்தாக வேண்டும், அந்த ஆட்கள் தாமதமாக வந்தால் கொத்தனாரும் தாமதமாகத்தான் வருவார். கார்டிசோல் தொடர்ந்து அதிகமாக இருந்தால் இந்த முதல் அழைப்பே மெலிந்து போகிறது. போதாததற்கு அட்ரினலின் தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, புதுத் திசு வளர வேண்டிய இடத்துக்குப் போகும் ஆக்சிஜனைக் குறைக்கிறது. இதோடு தூக்கம் கெடுவதும் சேர்ந்துகொள்கிறது, வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு ஆழ்ந்த தூக்கத்தில்தானே சுரக்கிறது.

இதைப் பரீட்சைக் காலத்திலும் பார்த்திருக்கிறார்கள். 1998ல் வெளியான ஒரு ஆய்வில் 11 பல் மருத்துவ மாணவர்களின் வாய் மேலண்ணத்தில் இரண்டு முறை ஒரே அளவில் காயம் செய்தார்கள், ஒருமுறை கோடை விடுமுறையில், இன்னொருமுறை பெரிய பரீட்சைக்கு மூன்று நாள் முன்பு. அதே ஆட்கள், அதே வாய். பரீட்சைக் காலக் காயம் ஆறச் சராசரியாக மூன்று நாள் கூடுதலாக எடுத்தது, அதாவது 40 சதவீதம் தாமதம், 11 பேரில் ஒருவருக்குக்கூட பரீட்சைச் சமயத்தில் சீக்கிரம் ஆறவில்லை. அந்த முதல் அழைப்பைக் கொடுக்கும் இன்டர்லூக்கின்-1 என்ற புரதத்தைச் செய்யச் சொல்லிச் செல்களுக்குள் உருவாகும் கட்டளை மூன்றில் இரண்டு பங்கு குறைந்திருந்தது. இவர்கள் இளைஞர்கள், ஆரோக்கியமானவர்கள், பரீட்சை எழுதிப் பழகியவர்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இதில் குழப்பமாகத் தோன்றும் ஒரு விஷயம் இருக்கிறது. கார்டிசோல் வீக்கத்தை அடக்குமென்றால், வருடக்கணக்கில் அழுத்தத்தில் இருப்பவர்களுக்கு உடம்பில் வீக்கமே இருக்கக் கூடாது அல்லவா? நேர்மாறாக நடக்கிறது. ஒரே சத்தத்தை ரொம்ப நாள் கேட்டால் காது அதைக் கண்டுகொள்ளாது, அதே மாதிரி நோய் எதிர்ப்புச் செல்களும் காலப்போக்கில் கார்டிசோலின் கட்டளைக்குக் காது கொடுப்பதை நிறுத்திக்கொள்கின்றன. விளைவு, தேவைப்படும் இடத்தில் தேவையான நேரத்தில் வீக்கம் வருவதில்லை, தேவையில்லாமல் உடம்பெங்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய வீக்கம் ஓயாமல் கனன்றுகொண்டிருக்கிறது. 2003ல் வெளியான இன்னொரு ஆய்வில், அதே கீகோல்ட்-கிளேசர் குழுவினர், மறதி நோய் வந்த கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொண்டவர்களின் ரத்தத்தில் வீக்கத்தைத் தூண்டும் இன்டர்லூக்கின்-6 என்ற புரதத்தின் அளவை ஆறு வருடம் பின்தொடர்ந்தார்கள். வயதானால் எல்லோருக்குமே அது ஏறும், இவர்களுக்கு மற்றவர்களைவிட நான்கு மடங்கு வேகமாக ஏறியது. என்னை அதிகம் வருத்தியது இதுதான்: நோயாளி இறந்து சில வருடங்கள் ஆன பிறகும் அந்த வேகம் குறையவில்லை. இந்த இன்டர்லூக்கின்-6 தொடர்ந்து அதிகமாக இருப்பது இதய நோய், இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், எலும்புத் தேய்மானம் ஆகியவற்றோடு தொடர்புடையது.

இதைப் படித்துவிட்டு "அப்போ பெரியவர்களைப் பார்த்துக்கொள்வதே உடம்புக்குக் கெடுதலா" என்று யாரும் பயப்பட வேண்டாம். 1999ல் அமெரிக்காவில் வயதான தம்பதிகளை வைத்துச் செய்த ஆய்வில், துணையைப் பார்த்துக்கொள்வதோடு அதைப் பெரும் பாரமாகவும் உணர்ந்தவர்களுக்கு, அடுத்த நான்கு வருடங்களில் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது. ஆனால் பார்த்துக்கொண்டும் பாரமாக உணராதவர்களுக்கு அப்படி எந்தக் கூடுதலும் இல்லை. 2013ல் எல்லா வகைப் பராமரிப்பாளர்களையும் சேர்த்து 3,500 பேரைப் பார்த்த பெரிய ஆய்வில் அவர்களின் இறப்பு விகிதம் 18 சதவீதம் குறைவாகவே வந்தது, கூடுதலாக இறக்கும் பிரிவு என்று எதையும் அதில் பிரித்துக் காட்ட முடியவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒருவரைப் பார்த்துக்கொள்வது தன்னளவில் விஷம் இல்லை, எப்படிப்பட்ட நிலையில் வைத்து ஒருவரைப் பார்க்கச் சொல்கிறோம் என்பதைத்தான் கவனிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

அந்த "எப்படிப்பட்ட நிலை" என்பதற்கு 1970 வாக்கில் ஜே வைஸ் என்பவர் எலிகளில் செய்த சோதனைகள் நல்ல விடை தருகின்றன. இரண்டு எலிகளுக்கு வாலில் ஒரே நேரத்தில் ஒரே அளவு மின்அதிர்ச்சி. ஒரு எலி சக்கரத்தைத் திருப்பினால் இரண்டுக்குமே அதிர்ச்சி நிற்கும், இன்னொரு எலி என்ன செய்தாலும் ஒன்றும் நடக்காது. வாங்கிய அடி ஒன்றேதான், ஆனால் நிறுத்தும் வழி கையில் இல்லாத எலிக்குத்தான் இரைப்பையில் அதிகப் புண். அதிர்ச்சிக்கு முன் ஒரு ஒலி எழுப்பி எச்சரித்தாலும் புண் குறைந்தது. எப்போது வரும் என்று தெரிந்திருப்பதும், நான் ஏதாவது செய்ய முடியும் என்று இருப்பதும் உடம்பு படும் பாட்டை மாற்றிவிடுகின்றன. லண்டனில் 1985ல் தொடங்கி 10,308 அரசு ஊழியர்களைப் பின்தொடர்ந்த ஆய்விலும் தன் வேலையில் தானே முடிவெடுக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தவர்களுக்கு இதய நோய் அதிகம் வந்தது. (எலியைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன், மனிதர்களுக்கு வரும் பெரும்பாலான அல்சருக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் என்ற பாக்டீரியாவும் வலி மாத்திரைகளும், வயிற்று வலியை டென்ஷன் என்று தள்ளிப்போடாமல் சோதித்துக்கொள்ளுங்கள்.)

அதனால்தான் "டென்ஷன் ஆகாதே, பாசிட்டிவா இரு" என்று சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. ராத்திரியெல்லாம் அப்பாவுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கும் பெண்ணுக்கு அறிவுரை தேவைப்படவில்லை, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு யாராவது வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார வேண்டும், அதுவும் முடிந்தால் வருகிறேன் என்று இல்லாமல் நிச்சயமாக வர வேண்டும். வெளியூரில் இருக்கும் அண்ணனும் தங்கையும் பணம் அனுப்புவது நல்லதுதான், அதோடு மாதத்தில் இந்த இந்தத் தேதி என் முறை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் அந்தத் தேதி வரும் என்று தெரிந்திருப்பதே ஒரு மருந்து. தமிழ்நாட்டில் 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சையும் வலிதணிப்புச் சிகிச்சையும் தருகிறார்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். ராத்திரி மனசு தாங்காமல் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416 என்ற எண்ணில் டெலி மனஸ் இலவசமாகத் தமிழிலும் கிடைக்கிறது.

தனியாளாகச் செய்யக்கூடியவற்றில் ஆதாரம் உள்ளவை இரண்டைச் சொல்கிறேன். மூச்சை நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு மெதுவாக்கினால், குறிப்பாக வெளிவிடுவதை நீட்டினால், இதயத்தை நிதானப்படுத்தும் நரம்பின் கை ஓங்குகிறது, இதற்கு ஐந்து நிமிடம் போதும், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபடியே செய்யலாம். இன்னொன்று எழுதுவது. நியூசிலாந்தில் 64 வயதுக்கு மேற்பட்ட 49 பேரிடம் செய்த சோதனையில், மனதை உலுக்கிய ஒரு அனுபவத்தைப் பற்றித் தினம் 20 நிமிடம் என மூன்று நாள் ஒரு பிரிவினர் எழுதினார்கள், இன்னொரு பிரிவினர் அன்றாட வேலைகளைப் பற்றி எழுதினார்கள். இரண்டு வாரம் கழித்து எல்லோருக்கும் சின்னக் காயம் செய்து பார்த்தபோது, பதினோராம் நாளில் முதல் பிரிவில் 76 சதவீதம் பேருக்குத் தோல் மூடியிருந்தது, மற்றவர்களில் 42 சதவீதம் பேருக்குத்தான். எழுதியதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. ஒன்று மட்டும், காலில் புண் வந்து இரண்டு வாரமாகியும் ஆறவில்லை என்றால் முதலில் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள், நோட்டை எடுப்பது அப்புறம்.

பித்தப்பை அறுவைக்குப் போனவர்களிடம் செய்த ஒரு சோதனையில், அறுவைக்கு முன் மூன்று நாளும் பின் ஒரு வாரமும் உடலைத் தளர்த்தும் பயிற்சியை ஒலிப்பதிவில் கேட்டவர்களின் காயத்தில் கொலாஜன் சேர்வது அதிகமாக இருந்தது. எனவே வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் நீங்களே ஹெர்னியாவுக்கோ கர்ப்பப்பைக்கோ அறுவை செய்துகொள்ள வேண்டி இருந்து, டாக்டரும் அவசரமில்லை, தேதியை நீங்களே சொல்லுங்கள் என்றால், உங்கள் இடத்தில் நிற்க ஆளை முதலில் பிடியுங்கள். அறுவைக்கு முந்தைய நான்கைந்து நாளுக்கும் அதற்குப் பிறகு டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லும் நாட்களுக்கும் யார் யார் வருகிறார்கள் என்று பெயர் எழுதி வாங்கிக்கொண்டு, அப்புறம் போய்த் தேதி சொல்லுங்கள்.