சிம்லிங்க் மாற்ற ஒரு நொடி, மற்றதற்கு இரண்டு ராத்திரி

சேலத்தில் தட்டுவடை செட் கடையில் போய் "ஒரு செட்" என்று மட்டும் சொன்னால், கடைக்காரர் தன் வழக்கப்படி துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், சட்னி எல்லாம் வைத்துத் தருவார். "அண்ணா, வெங்காயம் வேண்டாம், கார சட்னி கொஞ்சம் கூட" என்றால் அது மட்டும் மாறும். மீதி அவர் வழக்கம்தான். ஜென்டூ லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ப்ரொஃபைல் என்பது கடைக்காரரின் அந்த வழக்கம். யூஸ் ஃப்ளாக் என்பது நம்முடைய "வெங்காயம் வேண்டாம்".

2002இல் முதல் பதிப்பு கண்ட ஜென்டூவில் மென்பொருள்கள் பெரும்பாலும் மூலநிரலாக வரும்; நம் கணினியிலேயே கம்பைல் ஆகும், அதாவது ஓடக்கூடிய வடிவுக்கு மாறும். கம்பைலருக்கு என்னென்ன கட்டளை, எந்த வசதி உள்ளே, எது வெளியே என்று நூற்றுக்கணக்கான முடிவுகள் எடுக்க வேண்டும். உட்கார்ந்து ஒவ்வொன்றாக முடிவெடுக்க யாருக்குப் பொறுமை? அதனால் ஜென்டூ ஆட்களே இயல்பு முடிவுகளைத் தொகுத்து ப்ரொஃபைலாக வைத்திருக்கிறார்கள்.

அது இருக்கும் விதம் எனக்குப் பிடிக்கும். நம் கணினியில் இருப்பது வெறும் சிம்லிங்க், அதாவது மென்பொருள் களஞ்சியத்தில் ஒரு கோப்புறையைக் காட்டும் விரல். அந்தக் கோப்புறையைத் திறந்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. 'பேரன்ட்' என்றொரு சின்னக் கோப்பு, "மற்றதை மேலே கேள்" என்று தாய்க் கோப்புறைகளைச் சொல்லும். அவற்றுக்கும் தாய் உண்டு. ஜென்டூவில் மென்பொருளை நிறுவும் கருவியான போர்ட்டேஜ் அந்த வம்சாவளியின் உச்சியிலிருந்து படித்துக்கொண்டே இறங்கும். பின்னால் வருவது முன்னால் சொன்னதை மாற்றலாம். கடைசியில் நாம் எழுதிய அமைப்புக் கோப்பு, மேக்.கான்ஃப்.

களஞ்சியத்தை சிங்க் செய்யும்போதெல்லாம் இந்தக் கோப்புறைகளின் உள்ளடக்கமும் புதுசாகிவிடும். அந்த அளவுக்கு நாம் ஒன்றும் செய்ய வேண்டாம். தானாக மாறாதது பதிப்பு எண்: 13.0, 17.0, 17.1, 23.0. அதை நாம்தான் மாற்ற வேண்டும். கட்டளை ஒரே வரி: 'இசெலக்ட் ப்ரொஃபைல் செட்'. ஒரு நொடி வேலை. இவ்வளவு சுலபமானதை ஏன் தானாகச் செய்யக் கூடாது?

தட்டுவடை உவமை இங்கே உடைகிறது. கடைக்காரர் பக்குவத்தை மாற்றினால் நேற்று சாப்பிட்டதற்கு ஒன்றும் ஆகாது. கணினியில் நேற்று செய்ததெல்லாம் தட்டிலேயே இருக்கிறது. இன்று செய்வது அதோடு ஒட்ட வேண்டும்.

2017இல் வந்த 17.0 இதற்கு நல்ல உதாரணம். அதில் 'பை' (PIE) என்ற முறை இயல்பானது: நினைவகத்தில் எந்த முகவரியில் ஏற்றினாலும் ஓடும்படி ப்ரோக்ராமைக் கட்டுவது. முகவரி ஒவ்வொரு முறையும் மாறினால் தாக்க வருபவனால் ஊகிக்க முடியாது. ஆனால் பழைய முறையில் கட்டிய ஸ்டாட்டிக் நூலகத்துக்குள் நிலையான முகவரியை நம்பும் நிரல் துண்டுகள் இருக்கும். புது ப்ரோக்ராமுக்குள் அதைச் சேர்க்கப் போனால், துண்டுகளை ஒட்டும் கருவியான லிங்கர் மறுத்துவிடும். நான் சிம்லிங்கை மட்டும் மாற்றிவிட்டு வழக்கமான அப்டேட்டைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் "பை-க்கு இது ஆகாது, மறுபடி கம்பைல் செய்" என்கிற தொனியில் திரை முழுக்கப் பிழைகள். தப்பு என்னுடையதுதான். வரிசையாகச் செய்யச் சொல்லி ஜென்டூவின் அறிவிப்பில் தெளிவாகவே இருந்தது. படிக்காமல் விட்டேன்.

23.0 வந்தது 2024 மார்ச்சில். அதில் ஒரு மாற்றம்: முன்பு ப்ரோக்ராம் நூலகத்திலுள்ள ஒரு ஃபங்ஷனை முதல்முறை கூப்பிடும்போதுதான் அதன் முகவரி தேடப்படும். இப்போது தொடங்கும்போதே எல்லா முகவரிகளையும் தேடி நிரப்பி, அந்த அட்டவணையைப் பூட்டிவிடலாம். பிறகு யாரும் அதைத் திருத்த முடியாது. இந்த முறை அறிவிப்பை இரண்டு தடவை படித்தேன். முதலில் பழைய ப்ரொஃபைலிலேயே எல்லாவற்றையும் அப்டேட் செய்துவிட வேண்டும். அப்புறம் சிம்லிங்க். அதிலும் 'பின்' கோப்புறை இன்னும் 'யூஎஸ்ஆர்' கோப்புறைக்கு வெளியே தனியாக இருக்கும் கணினி என்றால் பெயரில் 'ஸ்ப்ளிட்-யூஎஸ்ஆர்' என்று வரும் ப்ரொஃபைலைத்தான் எடுக்க வேண்டும். அடுத்து லிங்கர் இருக்கும் பின்யூட்டில்ஸ், பிறகு கம்பைலரான ஜிசிசி, பிறகு சி நூலகமான ஜிலிப்சி, இதே வரிசையில். லிங்கர் புதுசானால்தான் கம்பைலர் அதை வைத்துப் புது முறையில் கட்டும். அந்தக் கம்பைலர் வந்தால்தான் எல்லோருக்கும் அடியில் இருக்கும் சி நூலகம் புது முறையில் அமையும். கடைசியாக 'எம்ப்டிட்ரீ': இருக்கிற அத்தனையும் மறுபடி கம்பைல்.

சேலத்து ஏப்ரலில் அதை ஆரம்பித்தது இன்னொரு தப்பு. பழைய லேப்டாப் சூடேறி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைப் பாதியாக்கிக்கொண்டது. 2023 கடைசியிலிருந்து ஜென்டூவே ஆயத்த பைனரிகளும், அதாவது கம்பைல் செய்து முடித்தவையும், தருகிறது. ஆனால் என் யூஸ் ஃப்ளாக்குகளுக்கு அதில் பாதி பொருந்தவில்லை. சரி என்று லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டில் நண்பன் வீட்டுக்குப் போனேன். ஜன்னலோரக் குளிரில் விசிறிச் சத்தமே அடங்கிவிட்டது. இரண்டாம் ராத்திரி மழை. கரண்ட் போனது, செத்த பேட்டரி கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. விடிகாலை கரண்ட் வந்ததும் 'எமர்ஜ் ரெஸ்யூம்' என்று தட்டினேன். முடிந்த பொட்டலங்களைத் தொடாமல், நின்ற பொட்டலத்தை முதலிலிருந்து ஆரம்பித்தது.