பாய்லர்மேக்கர்: சொல் விளக்கம்

நாகர்கோவில் தேநீர்க் கடைகளில் பாய்லர் என்றால் முன்னால் கொதித்துக்கொண்டிருக்கும் செம்புக் கலம். ஆகவே பாய்லர்மேக்கர் என்ற சொல்லை ஒரு விடுதியின் மது அட்டையில் முதன்முதலாகக் காண்பவர் அதைத் தேநீரோடு தொடர்புபடுத்திக்கொண்டால் வியப்பதற்கில்லை. அமெரிக்க வழக்கில் அச்சொல் ஒரு சிறு கிண்ணம் விஸ்கியையும் ஒரு குவளை பியரையும் சேர்த்துக் குறிக்கிறது. விஸ்கியை ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு அதன் எரிச்சல் தணியப் பியரைப் பருகுவது ஒரு முறை. விஸ்கியைப் பியரிலேயே ஊற்றிக் குடிப்பது மற்றொரு முறை. விஸ்கியைக் கிண்ணத்தோடு பியருக்குள் போட்டால், நீர்மூழ்கிக் கப்பல்களைத் தாக்கும் கடற்படைக் குண்டின் பெயரால் அது டெப்த் சார்ஜ் எனப்படும்.

நீராவி இயந்திரங்களுக்குக் கொதிகலன் செய்தும் பழுதுபார்த்தும் வந்த தொழிலாளர்கள் வேலை முடிந்து விரைவாகக் களைப்பாற இவ்விரண்டையும் சேர்த்துக் குடித்ததால் இப்பெயர் வந்தது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். பிரிட்டனிலோ இதே பெயர், பீப்பாயிலிருந்து ஊற்றும் மென்மையான பியரையும் புட்டியில் வரும் பழுப்பு ஏல் என்ற பியர் வகையையும் பாதிக்குப் பாதி சேர்த்ததைக் குறிக்கும். அதில் விஸ்கி சொட்டும் கிடையாது.

பிற மொழியினர் இவ்வகைக் குடிக்குத் தத்தம் பெயர்களையே இட்டுக்கொண்டனர். நெதர்லாந்தில் விளிம்பு வரை நிரப்பிய யெனேவர் என்னும் ஜின் போன்ற மதுவைக் கையால் தொடாமல் குனிந்து உறிஞ்சிவிட்டுப் பியர் குடிப்பதைத் தலைமுட்டு எனப் பொருள்படும் கோப்ஸ்டோட் என்பர். கொரியாவில் சோஜுவும் மெக்ஜுவும் கலந்தது சோமெக். சோஜு என்றால் காய்ச்சி வடித்த மது; மெக்ஜு என்றால் பியர். ரஷ்யர்கள் வோட்காவும் பியரும் கலந்ததை யோர்ஷ் என்கிறார்கள். அது துடுப்பில் முள் நிமிர்ந்து நிற்கும் ஒரு சிறு நன்னீர் மீனின் பெயர். குளச்சலில் முள்மீனைக் கையாண்டவர்களுக்கு இப்பெயரின் குத்தலை விளக்கத் தேவையில்லை.

தமிழில் கொதிகலன் செய்வோன் என்று மொழிபெயர்ப்பதால் பயனில்லை. அது தொழிலின் பெயராக நிற்குமேயன்றிக் குடியின் பெயராகாது. பியரைக் கள் என்பதும் குமரி மாவட்டத்தில் ஒவ்வாது. இங்கே கள் பனையிலும் தென்னையிலும் இறங்குவது. 1987 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டு, களியக்காவிளையைத் தாண்டிய கேரளத்தில் உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்படுவது. நொதித்ததுதானே என்று ஊறல் எனலாமா என்றால், அது காய்ச்சுவதற்காகப் புதைத்து வைத்த கள்ளச்சாராயக் குடத்தை நினைவூட்டிவிடும். நெல்லிலிருந்து வீட்டில் சமைத்த மதுவைப் பெரும்பாணாற்றுப்படை தோப்பி என்கிறது. பியரும் தானியத்திலிருந்து வருவதால் பொருத்தம் அதற்கே மிகுதி. விஸ்கி, ரம் முதலியவற்றுக்கு, சாராயம் என்ற சொல் இன்று இழிபொருள் ஏற்றுவிட்டதால், வடிமது என்பது நடுநிலையானது.

எஞ்சியது இரண்டையும் இணைக்கும் சொல். கலப்பு என்றவுடன் கலப்படம் நினைவுக்கு வருகிறது. மேலும் தனித்தனியே பருகும் முறையில் கலப்பே நிகழ்வதில்லை. நாஞ்சில் நாட்டு விருந்தில் சோற்றுக்குத் துணையாக வைப்பதைத் தொடுகறி என்கிறோம். அதன் வழியில், வடிமதுவைத் தொடர்ந்து பருகும் பியரைத் தொடுதோப்பி எனலாம்; ஒன்றாக ஊற்றியதைக் கூட்டுத்தோப்பி எனலாம். இவ்விரண்டையும் ஒரே சொல்லில் அடைப்பது அமெரிக்கச் சொல்லின் குழப்பத்தைத் தமிழுக்கும் கொண்டுவருவதாகும்.

வேறுபாடு பெயரளவில் மட்டும் இல்லை. 5 விழுக்காட்டுப் பியர் 330 மில்லிலிட்டரில், 42.8 விழுக்காட்டு விஸ்கி 30 மில்லிலிட்டரை ஊற்றினால் கலவையின் ஆல்கஹால் அளவு ஏறத்தாழ 8 விழுக்காடாகிறது. ஆனால் நாக்குக்கு அது பியராகவே படும். தொடுதோப்பியில் குடிப்பவருக்கு விஸ்கியின் அளவு கண்முன் தனியே நிற்கும். கூட்டுத்தோப்பியில் அது மறைந்துவிடும்.