மேற்கு மலைத்தொடர்: சொல் விளக்கம்

‘மேற்குத் தொடர்ச்சி மலைத்தொடரில் பெய்த கனமழையால் பாபநாசம் அணைக்கு நீர்வரத்து அதிகரிப்பு.’ ஐப்பசி பிறந்தால் போதும், செய்தியில் இந்த வாக்கியம் வந்துவிடும். தொடர்ச்சி ஒரு தடவை, தொடர் ஒரு தடவை. முதல் சொல் சரியாக இருந்திருந்தால் இரண்டாவதைக் கொண்டுவந்து ஒட்டவைக்க வேண்டியிருக்காது.

‘மேற்குத் தொடர்ச்சி மலை’ என்பது ‘வெஸ்டர்ன் காட்ஸ்’ என்ற ஆங்கிலப் பெயரின் தமிழாக்கம். அந்த மூலம் என்னவென்று பார்த்துவிடுவோம். வடமொழி ‘கட்ட’ என்பதிலிருந்து வந்தது ‘காட்’. ஆற்றில் இறங்கும் படித்துறைக்கும் அதுதான் பெயர், மலையைக் கடக்கும் வழிக்கும் அதுதான் பெயர். காசியில் உள்ளவை படித்துறைகள். மராத்திய நாட்டின் போர் காட், தால் காட் இரண்டும் கொங்கணக் கரையிலிருந்து தக்காணப் பீடபூமிக்கு ஏறும் கணவாய்கள். ஐரோப்பியர்கள் வழியின் பெயரை மலைக்கே வைத்துவிட்டார்கள். கொல்லிமலைக்கு ஏறும் பாதையை நாம் ‘காட் ரோடு’ என்கிறோமே, அங்கே அந்தச் சொல் சரியான பொருளில்தான் இருக்கிறது.

ஆக, மூலச்சொல்லில் ‘தொடர்ச்சி’ என்ற கருத்தே இல்லை. இருக்கட்டும், தமிழாக்கம் சொல்லுக்குச் சொல் இருக்கவேண்டும் என்று நானும் கேட்கவில்லை. தமிழாகவாவது சரியாக இருக்கவேண்டாமா? மலர் என்பது பொருள், மலர்ச்சி என்பது நிலை. யாரும் மலர்ச்சியைப் பறித்துத் தலையில் வைப்பதில்லை. அதுபோலத் தொடர் என்றால் வரிசையாக நிற்கும் மலைகள்; தொடர்ச்சி என்றால் ஒன்று விட்ட இடத்திலிருந்து நீள்வது. ‘தொடர்ச்சி 4-ஆம் பக்கம்’ என்று பத்திரிகையில் போடுகிறார்களே, அது. மேற்குத் தொடர்ச்சி என்றால் எதன் தொடர்ச்சி? இமயமலைத் தொடர், விந்திய மலைத்தொடர், ஆண்டிஸ் மலைத்தொடர் என்றெல்லாம் சரியாக எழுதத் தெரிந்த அதே கை, வீட்டு வாசலில் நிற்கும் மலைக்கு வந்ததும் தடுமாறுகிறது.

‘தொடர்ச்சியாக இருக்கும் மலை என்று பொருள் கொள்ளலாமே’ என்பார்கள். சரி, கொள்வோம். தபதிக்குத் தெற்கே தொடங்கிக் குமரிவரை சுமார் 1,600 கிலோமீட்டர் ஓடும் மலைக்கு, பாலக்காட்டுக் கணவாயைக் கண்டுகொள்ளாமல் விட்டால், அது பொருந்தும் என்றே வைத்துக்கொள்வோம். கிழக்கே என்ன செய்வார்கள்? மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா என்று ஆறுகள் அறுத்துப்போட்ட மலைகள் அவை. சவ்வாது, கல்வராயன், சேர்வராயன், கொல்லி, பச்சை எல்லாம் தனித்தனியாக நிற்பவை. அவற்றுக்குப் போய் ‘கிழக்குத் தொடர்ச்சி மலை’ என்று பெயர்! தொடர்ச்சியே இல்லாததற்குத் தொடர்ச்சி. பாடப்புத்தகத்தில் ‘தொடர்ச்சியற்ற மலைகள்’ என்று படிக்கிற பிள்ளை, அந்த மலையின் பெயரிலேயே தொடர்ச்சியைப் பார்த்தால் எதை நம்பும்?

‘குடமலை’ என்று சொல்லலாம் என்பவர்களும் உண்டு. குடக்கு என்றால் மேற்கு. ‘குடமலைப் பிறந்த ஆரமும் அகிலும்’ என்று பட்டினப்பாலையிலேயே இருக்கிறது. எனக்கும் ஆசைதான். ஆனால் இன்று குடமலை என்றால் கேட்பவர் தண்ணீர்க் குடத்தை நினைப்பார், இல்லையென்றால் குடகை. விளங்காத தூய்மையால் யாருக்கும் பயனில்லை. மேற்கு மலைத்தொடர், கிழக்கு மலைகள். இவ்வளவு போதும். வடக்கே அது பீடபூமியின் விளிம்புதானே, தொடர் என்பது பொருந்துமா என்று கேட்டால், தெற்கே வந்து பார்க்கட்டும். அம்பாசமுத்திரம் வயல்வெளியிலிருந்து சுவர் மாதிரி எழும்பி, அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தை நோக்கி இறங்குகிறது. விளிம்பு என்று இதை யார் சொல்வார்கள்?

இதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. இந்த நீளப் பெயர் வந்து எங்கள் மலைகளின் பெயர்களை எல்லாம் விழுங்கிவிட்டது. பொதிகை இருக்கிறது, குற்றாலத்துக்கு மேலே திரிகூடமலை இருக்கிறது, தெற்கே மகேந்திரகிரி இருக்கிறது. எதற்கு எழுதினாலும் ‘மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம்’. எங்கள் ஊர்ப் பக்கம் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ‘மேக்க இருட்டிக்கிட்டு வருது’ என்பார்கள், அடுத்த கேள்வி ‘எங்க பெய்யுது?’ என்பதாக இருக்கும். பொதிகை உச்சிப் பக்கம் பெய்தால் தண்ணீர் காரையாற்றுக்கு, அதாவது 143 அடி கொள்ளும் பாபநாசம் அணைக்கு வரும். மாஞ்சோலை, காக்காச்சியில் பெய்தால் மணிமுத்தாறு அணைக்குப் போகும். அது 118 அடி. குற்றால மலையில் பெய்தால் சிற்றாறு. நாற்றுப் பாவலாமா, பொறுக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கும் விவசாயிக்கு வேண்டியது இந்தப் பெயர்கள்தான். மொழிபெயர்ப்பாளர்கள் இனியாவது மழை எந்த மலையில் பெய்தது என்று கேட்டு எழுதட்டும்.